ஜோடி நடனம்: முதலில் எதைக் கற்பது?

கையில் ஆதி தாளம் போடத் தெரிந்தவருக்கு, சல்சா என்ற லத்தீன் ஜோடி நடனத்தின் கணக்கு பாதி கைவந்த மாதிரிதான். இரண்டுக்கும் எட்டு எண்ணிக்கை. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல் என்ற மூன்றுக்கும் மூன்று ஸ்டெப். நடுவிரல் வரும்போது கால் நிற்கும். பிறகு தட்டு, வீச்சு, தட்டு என்று மறுபடி மூன்று ஸ்டெப். கடைசி வீச்சில் மறுபடி நிறுத்தம். வேகம் குறைந்த ஒரு சல்சா பாட்டைப் போட்டு, உட்கார்ந்தபடியே இரண்டு நிமிடம் இப்படித் தாளம் போட்டுப் பாருங்கள். விடாமல் பிடிக்க முடிந்தால் சல்சாவில் தாராளமாகத் தொடங்கலாம்.

தடுமாறினால் கவலை வேண்டாம், பச்சாட்டா இருக்கிறது. டொமினிகன் குடியரசில் பிறந்த இந்த நடனத்தில் பக்கவாட்டில் மூன்று ஸ்டெப், நான்காவதில் காலை லேசாகத் தரையில் தொட்டு எடுப்பது, பிறகு அதையே எதிர்ப்பக்கம் செய்வது, அவ்வளவுதான் அடிப்படை. ஒவ்வொரு பீட்டிலும் கால் ஏதோ ஒன்றைச் செய்கிறது, மௌனமான பீட் கிடையாது. குத்துப் பாட்டுக்கு ஆடி வளர்ந்த நமக்கு எல்லா பீட்டிலும் கால் வைத்தே பழக்கம். அதனால்தான் சல்சாவில் நான்காம் எண்ணில் தெரியாமல் ஒரு ஸ்டெப் கூடிவிடும், கால் மாறிவிடும், அடுத்த ஸ்டெப்பில் ஜோடியின் முழங்காலும் உங்கள் முழங்காலும் மோதும். சல்சா வகுப்பின் முதல் மாதத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு நிறுத்தத்தைச் சுற்றியே வருகிறது.

வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கை. மெதுவான வால்ட்ஸ் நிமிடத்துக்கு 84 முதல் 90 பீட் வரைதான், மூச்சு வாங்காது. ஆனால் மூன்றாம் எண்ணில் கால்களைச் சேர்க்கும்போது உடல் எடையும் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற வேண்டும். சேர்த்துவிட்டு எடையை மாற்றாமல் நின்றால் அடுத்த ஸ்டெப்புக்குத் தவறான கால்தான் கிளம்பும். தவிர இதற்குப் பெரிய தளம் வேண்டும், அடுக்குமாடி வீட்டு ஹாலில் பயிற்சி செய்ய முடியாது. சா-சா-சா நிமிடத்துக்கு 120 முதல் 128 பீட். கலகலப்பானது, ஆனால் நடுவில் வரும் மூன்று வேகமான ஸ்டெப்புகளுக்குக் கணுக்கால் பழக வேண்டும். ஜைவ் 168 முதல் 176 பீட். பெரம்பூர்ப் பக்கத்து ஆங்கிலோ-இந்தியக் குடும்பக் கல்யாணங்களில் பார்த்து ஆசைப்பட்டவர்கள் உண்டு. முழங்கால் வலி இருந்தால் அதை இரண்டாவது நடனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அர்ஜெண்டினா டேங்கோவை வயதானவர்களுக்கு உரியது என்று ஒதுக்குவது பெரிய தவறு. குதிப்பு கிடையாது, மனப்பாடம் செய்ய நீண்ட வரிசைகளும் கிடையாது. அதன் உயிரே நடைதான். தளத்தில் எல்லா ஜோடிகளும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நகர்ந்தபடி, கேட்கும் பாட்டுக்கு அந்த நொடியிலேயே அடுத்த அடியை முடிவு செய்கிறார்கள். பொறுமைசாலிகளுக்கு இதைவிடப் பொருத்தமான நடனம் இல்லை. வாரக்கணக்கில் நடப்பதை மட்டுமே பழகச் சம்மதமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே பலரும் வெளியில் சொல்லத் தயங்கும் கேள்வி, எவ்வளவு நெருக்கமாக நிற்க வேண்டும் என்பது. தயங்காமல் அதையே முதல் சல்லடையாக வையுங்கள். சல்சா, சா-சா-சா, ஜைவ் மூன்றையும் பெரும்பாலும் ஒரு கை தூர இடைவெளியில் ஆடலாம். பச்சாட்டாவைத் தள்ளி நின்றும் ஆடலாம், நெருங்கியும் ஆடலாம். எந்தப் பாணி என்று வகுப்பில் முன்கூட்டியே கேளுங்கள். டேங்கோவும், அங்கோலாவில் உருவான கிஸோம்பாவும் அணைப்பில் ஆடுபவை. சொந்த ஜோடி இல்லாமல் போகலாமா என்றால், போகலாம். வகுப்பில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜோடி மாற்றுவார்கள். கணவன் மனைவியாகப் போனாலும் மாற்றி ஆடுவது நல்லது. ஒருவருடைய தவறுக்கு இன்னொருவர் பழகிவிட்டால் இருவருக்கும் அது தெரியவே தெரியாது.

ஆனால் சென்னையில் கடைசியில் முடிவு செய்வது தூரம்தான். வேளச்சேரியில் இருப்பவர் வேலை முடிந்து அண்ணா நகர் வகுப்புக்குப் போவது மூன்றாவது வாரமே நின்றுவிடும். அலுவலகத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ 30 நிமிடத்துக்குள் என்னென்ன வகுப்புகள் இருக்கின்றன என்று முதலில் எழுதுங்கள். அவற்றில் எந்த நடனத்துக்கு, வகுப்புக்கு வெளியேயும் கூடி ஆடும் சோஷியல் மாலைகள் தவறாமல் நடக்கின்றன என்று விசாரியுங்கள். அப்படி ஆட இடமில்லாத நடனம், எவ்வளவு பிடித்திருந்தாலும், முதல் நடனமாக வேண்டாம்.

பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை முழுதாகப் பாருங்கள். அடிப்படை ஸ்டெப்புக்கு 15, 20 நிமிடமாவது ஒதுக்குகிறார்களா? லீட் செய்பவருக்கும் (ஆட்டத்தை நடத்துபவர்) ஃபாலோ செய்பவருக்கும் (அதைப் பின்தொடர்பவர்) தனித்தனியே திருத்தம் சொல்கிறார்களா? முதல் நாளே நீண்ட வரிசையை மனப்பாடம் செய்ய வைத்தால் அது மேடை நிகழ்ச்சிக்கான வகுப்பு, அறிமுகமில்லாத ஒருவரோடு ஆட அது உதவாது. சல்சா என்றால் ‘ஆன் 1’ ஆ, ‘ஆன் 2’ ஆ, அதாவது முன்னும் பின்னும் திசை மாற்றும் ஸ்டெப் முதல் எண்ணிலா, இரண்டாம் எண்ணிலா என்று கேளுங்கள். எதுவானாலும் சரி, முதல் ஆறு மாதம் இரண்டையும் கலக்காதீர்கள். ஆண்டுச் சந்தா வேண்டாம், மாதாமாதம் கட்டுங்கள்.

கையைப் பாருங்கள். புதிதாக லீட் செய்பவர் பதற்றத்தில் கட்டைவிரலால் எதிராளியின் கையை அழுத்திப் பிடிப்பார். அப்படியே கையை உயர்த்திச் சுற்ற வைத்தால் எதிரே இருப்பவரின் மணிக்கட்டு முறுகும், தோள் வலிக்கும். விரல்களை லேசாக மடித்துக் கொக்கி போலக் கொடுங்கள், கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். உள்ளே அவர் கை தானாகச் சுழல வேண்டும். பரதம் பழகியவர்களிடம் இன்னொன்று தெரியும்: பாதத்தைத் தட்டி வைப்பார்கள். லத்தீன் நடனங்களில் பாதம் ஓசையின்றி முதலில் தரையைத் தொடும், எடை பிறகுதான் இறங்கும். இடுப்பை வலிந்து ஆட்ட வேண்டாம். ஒரு முழங்கால் மடங்கி மற்றது நிமிர்ந்தால் இடுப்பு தானே அசையும். ஸ்டெப் உங்கள் பாதத்தின் நீளத்தைத் தாண்ட வேண்டாம், வேகம் கூடக் கூட இன்னும் சிறிதாக்குங்கள்.

ஜாகிங் ஷூ மட்டும் போடாதீர்கள். ரப்பர் அடிப்பாகம் தரையைப் பிடித்துக்கொள்ளும், உடல் சுழலும், நடுவில் முறுகுவது முழங்கால். வழவழப்பான அடிப்பாகம் கொண்ட பழைய ஷூ போதும். இல்லையென்றால் பெரியமேட்டுத் தோல் கடைகளில் சுவேட் என்ற மெத்தென்ற தோல் துண்டு வாங்கி, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடியில் ஒட்டிக்கொள்ளலாம். அந்த ஷூவோடு தெருவில் நடக்காதீர்கள், ஈரம் பட்டால் சுவேட் கெட்டுவிடும். பெண்கள் முதல் இரண்டு மாதம் தட்டையான காலணியோடு ஆடிவிட்டுப் பிறகு குதிகால் உயர்ந்த காலணிக்குப் போகலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரத்தில் சட்டை நனைந்துவிடும். பையில் இன்னொரு சட்டையும் சின்னத் துண்டும் இருக்கட்டும், பக்கத்தில் ஆடுபவருக்கு அது பெரிய மரியாதை.

வீட்டில் தினமும் பத்து நிமிடம், யூடியூபில் வேகத்தை 0.75 ஆகக் குறைத்து, அடிப்படை ஸ்டெப்பை மட்டும் ஆடுங்கள். 12 வாரம் அந்த ஒரே நடனத்தில் இருங்கள். அதற்குப் பிறகும் எண்ணாமல் ஒரு பாட்டு முழுக்க ஆட முடியவில்லை, பாட்டும் மனதைத் தொடவில்லை என்றால், கூச்சப்படாமல் நடனத்தை மாற்றுங்கள். எடை மாற்றவும் கை பிடிக்கவும் பழகியது அடுத்த வகுப்புக்கும் கூடவே வரும்.