ஐந்து ஆறு தாண்டி 21 கி.மீ.: வலியும் அசதியும் உள்ளவர்களுக்கு அரை மாரத்தான் செய்முறை

தஞ்சாவூர் கரந்தையில் எங்கள் வீட்டு வாசலில் கிளம்பி வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் தாண்டினால் திருவையாறு. போய்த் திரும்பினால் அரை மாரத்தான் கணக்குக்குக் கொஞ்சம் குறையும். குறைவதைத் தெருவிலேயே சுற்றிச் சரிக்கட்டிக்கொள்ளலாம். அரை மாரத்தான் என்பது 21.0975 கி.மீ. பதக்கம், பனியன், நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லாமல் போன தை மாதம் இந்தச் சாலையில்தான் அதை முடித்தேன். வயது 43. நேரம் 3 மணி 4 நிமிடம், நடந்ததையும் சேர்த்து.

அதற்கு முந்தைய வருஷம் இதே சாலையில் கண்டியூரோடு என் கதை முடிந்தது. வலது முழங்காலின் வெளிப்பக்கம் ஊசி வைத்துக் குத்துகிற மாதிரி வலி. அதைவிட மோசம் அசதி. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே கால் மணி நேரம் ஆனது. டவுன் பஸ்ஸில் கட்டணமில்லா டிக்கெட் வாங்கிக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட நின்றுகொண்டே வந்தேன். நடத்துநர், "வேண்டுதலாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வலியையும் அசதியையும் சேர்த்து "வயசாச்சு" என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன். அங்கேதான் தப்பு. வலிக்குக் காரணம் சாலையில் இருந்தது, அசதிக்குக் காரணம் ரத்தத்தில் இருந்தது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்த பிறகுதான் வேலை நடந்தது. நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். உடலை முறுக்கித் தளர்த்துவது, கிளம்பும் முன் கழிவறை போவது இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: ஷூ வாங்கும் முன் ரத்தம் கொடுங்கள்

எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறதென்றால் அது சோம்பேறித்தனம் இல்லை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி. மருத்துவரிடம் கேட்டு இவற்றைப் பார்த்துவிடுங்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்புச்சத்தின் கணக்கு. களஞ்சியத்தில் எத்தனை மூட்டை நெல் இருக்கிறது என்று பார்க்கிற மாதிரி. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் களஞ்சியம் காலியாக இருக்கலாம், அதனால் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. எனக்கு 10.2. ஃபெரிட்டின் 8.

இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் போட்டேன். மறுபடி பார்த்தால் 10.4. ஓட்டத்தை விட்டுவிடலாம் என்று நான் நினைத்தது அன்றைக்குத்தான்.

"மாத்திரையை எதோட சாப்பிடுறீங்க?" என்றார் மருத்துவர்.

"காபியோட டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு அத்தை டிகிரி காபி கலந்து கையில் கொடுத்துவிடுவார்கள். மாத்திரையை மறக்காமல் இருக்க அந்த டம்ளர்தான் எனக்கு அடையாளம். காபியும் டீயும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். பாலில் இருக்கும் கால்சியமும் கூடச் சேர்ந்துகொள்ளும். இரண்டு மாத மாத்திரையை டிகிரி காபிக்குத் தாரை வார்த்திருக்கிறேன்!

மாத்திரையை எலுமிச்சம்பழத் தண்ணீரோடு மாற்றி, காபியை ஒன்றரை மணி நேரம் தள்ளி வைத்தேன். மூன்றாவது மாதம் 12.3 வந்தது. மாத்திரை போடும்போது மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா போடுகிற மாத்திரையைப் பார்த்து நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இரும்பு அதிகமானாலும் தொல்லைதான்.

படி 2: சாமான்கள்

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். எனக்கு ஒரு கடையில் "போகப் போக லூசாயிடும்" என்று இறுக்கமான ஜோடியைத் தலையில் கட்டிவிட்டார்கள். லூசாகவில்லை, இரண்டு நகம்தான் கருத்து விழுந்தது. கார்பன் தட்டு வைத்த பத்தாயிரம் ரூபாய் ஷூ நமக்கு வேண்டவே வேண்டாம், அது வேறு ஜாதி ஓட்டக்காரர்களுக்கு.

கைக்கடிகாரத்தில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும். நான் கட்டுவது பழைய கேசியோ. ஓட்டத்தைப் பதிந்து மற்றவர்களோடு பகிரும் ஸ்ட்ராவா செயலியைப் போனில் போட்டுப் பார்த்தேன், மற்றவர்களின் வேகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன். அழித்துவிட்டேன். தொடை உரசும் இடத்துக்குத் தேங்காய் எண்ணெய் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, வாசலின்தான் நிற்கிறது.

படி 3: 17 வாரம், ஓட்டமும் நடையும்

வாரம் மூன்று நாள். செவ்வாய், வியாழன் அரை மணி நேரம், ஞாயிறு நீள ஓட்டம். முதல் ஞாயிறு 5 கி.மீ. பிறகு வாரத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை கி.மீ. மட்டும் கூட்டுங்கள், நாலாவது வாரம் குறையுங்கள். என் கணக்கு: 5, 6, 7, 5, 8, 9, 10, 7, 11, 12, 13, 9, 14.5, 16, 17.5, 10, பிறகு அந்த நாள். 21-ஐ முன்கூட்டியே ஓடிப் பார்க்கும் ஆசை வரும், விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் நிமிடத்திலிருந்தே இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. களைத்த பிறகு நடப்பதில்லை, களைக்கும் முன்பே நடப்பது. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே பரப்பிய முறை இது. ஒலிம்பிக் ஓடியவரே நடக்கச் சொல்லும்போது எனக்கென்ன வெட்கம்? ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச வர வேண்டும். நான் முருகன் போற்றி சொல்லிப் பார்ப்பேன். மூச்சு தட்டினால் வேகம் அதிகம்.

எந்த மாதம் தொடங்குவது? ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டித் தொடங்கினால் ஆற்றில் புதுத்தண்ணீர் பார்த்துக்கொண்டே ஓடலாம் என்று கவிதையாக நினைத்து முதல் வருஷம் தொடங்கினேன். காலை ஏழு மணிக்கே வெயில் ஆளைத் தின்றது. செப்டம்பர் கடைசியில் தொடங்குங்கள். ஐப்பசி மழையில் சில ஞாயிறு போகும், போகட்டும். நீள ஓட்டங்கள் மார்கழியில் விழும். பெண்களுக்கு மார்கழியைப் போல மாதம் கிடையாது. நாலரை மணிக்கே கோயில் ஒலிபெருக்கி பாடும், வாசலுக்கு வாசல் விளக்கும் கோலமும் ஆளும் இருக்கும். "யார் வீட்டுக்கும்மா இப்படி ஓடுறே?" என்று கேட்கவும் ஆள் இருக்கும்.

பஸ் போகிற சாலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பாதியில் விடத் தோன்றினால் திரும்ப வழி வேண்டுமே. ஆண்கள் போன் உறைக்குள் ஐம்பது ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வலி, நான் சறுக்கிய இடம்

லாரிக்கு முதுகைக் காட்டக் கூடாது, எதிரே வருகிற வண்டியைப் பார்த்துச் சாலையின் வலது ஓரமாக ஓடு என்பார்கள். சரியான பேச்சு. நானும் அப்படித்தான் ஓடினேன். வலது முழங்காலில் வலி வந்தது. ஷூ மாற்றினேன், வலி வந்தது. முழங்கால் உறை போட்டேன், வலி வந்தது. இரண்டு வாரம் ஓய்வெடுத்துத் திரும்பினால் நாலாவது கிலோமீட்டரில் காத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மழை விட்ட விடியற்காலை. சாலையின் நடுப்பகுதி காய்ந்திருந்தது, ஓரம் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தேன். தண்ணீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் சரித்துப் போடுகிறார்கள். வலது ஓரம் ஓடினால் வலது கால் எப்போதும் பள்ளத்தில், இடது கால் எப்போதும் மேட்டில். போகும்போது வலது கால் பள்ளம் என்றால் வரும்போது இடது கால் பள்ளம், கணக்கு நேராகிவிடும் என்றுதானே தோன்றும்? ஆகாது. வரும்போதும் எதிர்வண்டியைப் பார்த்து வலது ஓரம்தான் ஓடுவோம். ஆயிரக்கணக்கான அடிகளும் அதே வலது கால் பள்ளத்தில். நம்பாதவர்கள் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சாலை ஓரம் வைத்துப் பாருங்கள், உருண்டு ஓடிவிடும்.

இதைச் சொன்னதும் இயன்முறை மருத்துவர் தலையாட்டினார். இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும் ஒரு பட்டை இருக்கிறதாம், முழங்கால் மடங்கி நிமிரும்போது அது எரிச்சலாகிறது.

நான் செய்தவை: செவ்வாய், வியாழன் ஓட்டங்களை ஆற்றங்கரை மண்பாதைக்கு மாற்றினேன். டெல்டாவில் ஊருக்கு ஊர் ஒரு வாய்க்கால் கரை இல்லாமலா போகும்? (மழைக்கு மறுநாள் மட்டும் வேண்டாம், களிமண் வழுக்கிவிடும்.) ஞாயிறு நீள ஓட்டத்திலும் முதல் பாதியை அங்கே ஓடிவிட்டுத்தான் சாலைக்கு வந்தேன். இடது ஓரத்துக்கு மாறுங்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன், முழங்காலைவிட உயிர் பெரிது. அடியைச் சின்னதாக்கினேன். தினமும் பாய் விரித்து ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்கி இறக்குவது, பக்கத்துக்குப் பதினைந்து, இரண்டு தடவை. பால் பொங்கும் நேரத்தில் படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை ஏற்றி மெதுவாக இறக்குவது. இரண்டாயிரம் ரூபாய் உருளை வேண்டாம், பூரிக்கட்டையால் தொடைச் சதையை உருட்டலாம். எலும்பு மேல் உருட்டாதீர்கள்.

எந்த வலியோடு ஓடலாம்? பத்துக்கு மூன்று வரை இருக்கிற, ஓடும்போது ஏறாத, மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது காணாமல் போகிற வலியோடு ஓடலாம். நொண்ட வைக்கிற வலி, வீக்கம், ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிற வலி, எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் துடிக்கிற வலி, இவற்றோடு ஓடாதீர்கள், காட்டிவிடுங்கள். நெஞ்சு வலி, மயக்கம் என்றால் அதே இடத்தில் நின்றுவிடுங்கள்.

படி 5: வயிறு

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும்போது வழியில் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் கால் பஞ்சாகிவிடும். கடலை மிட்டாய் எனக்குப் பல்லில் ஒட்டியது, கடலை செரிக்கவும் நேரமாகிறது. பேரீச்சம்பழம்தான் என் கட்சி. அரை மணிக்கு இரண்டு. கிளம்பும் முன் ஒரு பூவன் பழம். தண்ணீர் தாகத்துக்கு மட்டும். மடமடவென்று லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஆபத்தாகும். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து ஒரு பாட்டில். பல்லில் படாத புதுச் சாமான் எதையும் அந்த நாளில் தொடாதீர்கள்.

அந்த நாள்

தியாகராஜர் ஆராதனைக்கு மறுவாரம், கூட்டம் வடிந்த பிறகு. காலை 4.40. குடமுருட்டி வரை எதுவும் சொல்வதற்கில்லை. காவிரிப் பாலத்தில் வெள்ளையாகப் பனி, தண்ணீர் தெரியவில்லை, சத்தம் மட்டும். திரும்பும்போது சம்பா அறுவடை வைக்கோல் சாலையில் கிடந்தது, ஈர வைக்கோல் எண்ணெய் மாதிரி, அங்கே நடந்தேன். அம்மன்பேட்டைக்கு முன்னால் முழங்கால் முனகியது. பத்துக்கு மூன்று. ஒரு நிமிட நடையை இரண்டாக்கினேன், ஏறவில்லை. பள்ளியக்ரகாரத்தில் அசதி வந்தது. இது வேறு அசதி, பசி அசதி. இரண்டு பேரீச்சம்பழத்துக்கு அடங்கியது. தெருவுக்குள் நுழைந்து மீதிக்காகச் சுற்றும்போது அத்தை வாசலில் காபி டம்ளரோடு நின்றார்கள். அப்போதுதான் மாத்திரை போட வேண்டிய நேரம். டம்ளரைத் திருப்பி அனுப்பினேன்.

பின்சேர்க்கை 1: ஓடும் முன் வலி மாத்திரை போடலாமா என்று பின்னூட்டத்தில் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் உடம்பில் நீர் வற்றும் நேரத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். தவிர, வலி ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் படி 4. மாத்திரை போட்டால் எதைப் பார்ப்பீர்கள்?

பின்சேர்க்கை 2: சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் மன்னார்குடி நண்பர் ஒருவர் ஏழாவது கி.மீ.யில் கை நடுங்கி உட்கார்ந்துவிட்டதாக எழுதியிருந்தார். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களே, என் பேரீச்சம்பழக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஓட்ட நாளில் மருந்தின் அளவு, நேரம் பற்றி உங்கள் மருத்துவரிடம் முதலில் பேசுங்கள். சட்டைப் பையில் சீனி, கூட ஒரு ஆள், இரண்டும் வேண்டும்.

பின்சேர்க்கை 3: நாய். இதை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. ஓடினால் துரத்தும், அதனால் நடைக்கு மாறி, முகத்தைப் பார்க்காமல் தாண்டுங்கள். என் இரண்டு நிமிட ஓட்டம் வெண்ணாற்றுப் பாலத்துக்கு முன்னால் எப்போதும் முப்பது விநாடியில் முடிந்துவிடும். அங்கே ஒரு செவலை இருக்கிறது. கடித்தால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விடுங்கள்.