சொன்னதை உடனே மறக்கும் பிள்ளைக்கு

"நோட்டை எடு, தேதி போடு, 42ஆம் பக்கத்தில் மூன்றாவது கணக்கைச் செய்" என்றதும் சில பிள்ளைகள் நோட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விழிப்பார்கள். சோம்பேறி என்று திட்டிவிடாதீர்கள், பாவம். கேட்டதை மனதில் பிடித்துவைத்துக்கொண்டே வேலை செய்ய உதவும் செயல்பாட்டு நினைவு (இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1974இல் பேட்லி, ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் ஒரு விளக்க மாதிரியை முன்வைத்தார்கள்) பெரியவர்களுக்கே ஒரு நேரத்தில் சுமார் 4 விஷயங்களைத்தான் தாங்கும், கற்றல் குறைபாடு உள்ள பல பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு.

அதனால் ஒரு தடவைக்கு ஒரே வேலை சொல்லுங்கள். சொன்னதும் "இப்ப என்ன செய்யப் போறே?" என்று கேளுங்கள், அவர்கள் வாயாலேயே வரட்டும். மீதியை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிவிட்டால், முடித்ததை அவர்களே அடித்துக்கொண்டு போவார்கள். கணக்கிலும் அப்படித்தான்: 52இலிருந்து 27ஐக் கழிக்கும்போது, கடன் வாங்கியதும் 5ஐ அடித்து மேலே 4 என்று எழுதட்டும், அதை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். மூளைப் பயிற்சி ஆப்களுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம் என்பேன். விளையாட்டில் மதிப்பெண் ஏறும், படிப்பில் பெரிதாகத் தெரியாது. இவ்வளவு செய்தும் எழுத்திலோ எண்ணிலோ தொடர்ந்து தடுமாறினால் கண், காது பரிசோதனையை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் உளவியல் நிபுணரிடம் மதிப்பீட்டுக்கு அழைத்துப் போங்கள்.