பருத்த பெண்ணை நாயகியாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பத்தைக் களமாக வைத்துக் கதை எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உடல் பருத்த பெண்ணை நாயகியாக்க இன்று பலர் விரும்புகிறார்கள். நல்ல விருப்பம்தான். ஆனால் எழுதி முடித்த கதையைப் படித்தால், அவளைக் காப்பாற்ற வந்த கதையே அவளைக் காயப்படுத்திவிட்டுப் போயிருக்கும். எங்கே பிசகுகிறது என்று பார்ப்போம்.

இளைத்த பிறகு வரும் மகிழ்ச்சி

டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாயகிக்கு முப்பத்திரண்டு வயது, பள்ளி ஆசிரியை, பருத்த உடம்பு. முதல் பக்கத்தில் கண்ணாடி முன் நின்று அழுகிறாள். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் அத்தை ஒருத்தி, "கொஞ்சம் இளைத்தால் நல்ல இடம் அமையும், கண்ணு" என்கிறாள். கடைசிப் பக்கத்தில் நாயகி இருபது கிலோ குறைந்து, பட்டுச் சேலையில் அதே அத்தையின் முன் தலைநிமிர்ந்து நிற்கிறாள்.

எழுதியவர் இதைத் தன்னம்பிக்கைக் கதை என்று நம்புகிறார். ஆனால் கதை மெய்ப்பித்துக் காட்டியது என்ன? அத்தை சொன்னது சரி என்பதைத்தான். இளைத்தாள், இடம் அமைந்தது. பருத்த உடம்போடு இதைப் படிக்கும் பெண், தன் வாழ்க்கை இன்னும் தொடங்கவில்லை, இருபது கிலோ கழித்துத்தான் தொடங்கும் என்று எண்ணிக்கொண்டு புத்தகத்தை மூடுவாள். இந்த ஒரு முடிவை மட்டும் யாரும் எழுத வேண்டாம் என்று மன்றாடிக் கேட்பேன். கதையின் போக்கில் அவள் இளைக்கலாம், இன்னும் பருக்கலாம், இரண்டும் மனித உடம்பில் நடப்பவைதான். அவள் விரும்பியது அவளுக்குக் கிடைப்பதை மட்டும் எடையோடு முடிச்சுப் போடாதீர்கள்.

இதே தவறு வேறு உருவத்திலும் வரும். எடை குறைவதற்குப் பதிலாக ஓர் ஆண் வருவான். "நீ இருக்கிறபடியே எனக்குப் பிடித்திருக்கிறது" என்பான், அந்த நொடியில் அவள் தன்னை ஏற்றுக்கொண்டுவிடுவாள். தராசு இருந்த இடத்தில் அவன் உட்கார்ந்துகொண்டான், தீர்ப்புச் சொல்லும் உரிமை மட்டும் அவள் கைக்கு வரவேயில்லை. காதல் இருக்கட்டும், பருத்த பெண்ணுக்குக் காதலும் காமமும் உண்டு என்று நம் கதைகள் சொல்லத் தயங்குவதே பெருங்குறை. ஆனால் அவன் அவளைப் பொறுத்துக்கொண்டு காதலிப்பதாகவோ, அவள் உடம்பை மட்டுமே காதலிப்பதாகவோ எழுதாதீர்கள். அவளுடைய பேச்சுக்காக, பிடிவாதத்துக்காக, கணக்குப் பாடம் நடத்தும் அழகுக்காக ஒருவன் மயங்கலாம். அவள் கழுத்தையும் தோளையும் பார்த்தும் மயங்கலாம். ஒல்லியான நாயகிக்கு இந்த இரண்டையும் நாம் எப்போதும் தயங்காமல் கொடுத்து வந்திருக்கிறோம்.

அவள் அபூர்வப் பிறவி என்று எண்ணுவது

தென்னாப்பிரிக்காவின் 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டுப் பெண்களில் 68 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். ஆண்களில் அது 31 விழுக்காடு. அப்படியானால் டர்பனை ஒட்டி இந்தியர்கள் மிகுதியாக வாழும் ஃபீனிக்ஸிலோ டொங்காட்டிலோ நடக்கும் கதையில் ஒரே ஒரு பருத்த பெண் இருந்து, சுற்றிலும் எல்லோரும் மெலிந்திருந்தால் அந்த ஊரே பொய்யாகிவிடுகிறது. அவளைக் குறை சொல்லும் அத்தையும் பருத்தவளாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருப்பாள். தன் உடம்போடு தானே சண்டை போட்டுக் களைத்தவள், அடுத்த தலைமுறையிடம் அந்தச் சண்டையைச் சொத்துப்போல ஒப்படைக்கிறாள். அவளை வில்லியாக்காமல் அந்த அச்சத்தைக் காட்டினால் கதை எவ்வளவு ஆழமாகப் போகும்! ஒல்லியான தோழியைப் பொறாமைக்காரியாக்குவதும் இதே வகைச் சோம்பல்தான்.

இன்றைய வெறுப்பைப் பழைய வாயில் வைப்பது

வரலாற்றுக் கதை எழுதுகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். இந்திய ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலில் ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி டர்பன் அமைந்த நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் பெண்ணுக்கு ஆணின் கூலியில் பாதிதான். பசியை அறிந்த அந்தக் குடும்பங்களில், "பிள்ளை சதை பிடித்திருக்கிறாள்" என்பது வாழ்த்து. கிழவி பேத்தியின் கன்னத்தைக் கிள்ளி மகிழ்ந்துதான் அதைச் சொல்லியிருப்பாள். 1920இல் நடக்கும் கதையில் மாமியார் மருமகளின் இடுப்பைப் பார்த்து முகம் சுளித்தால், அது நம் காலத்து முகச்சுளிப்பு. பரிமாறுவதில் "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்திவிட்டு, கைகழுவி வருவதற்குள் "பருத்துவிட்டாயே" என்று சொல்லும் இன்றைய வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பழைய பசியும் புதிய அளவுகோலும் ஒரே வாயில் குடியிருக்கின்றன. இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு பந்தியைக் காட்டினாலே போதும்.

ஜூலு அண்டை வீட்டாரைக் கருவியாக்குவது

தென்னாப்பிரிக்காவில் நடக்கும் கதைகளுக்கே உரிய தவறு இது. மனமுடைந்த தமிழ்ப் பெண்ணிடம், அந்தப் பகுதியின் கறுப்பின மக்களான ஜூலுக்களில் ஒரு பெண் வந்து, "எங்களிடம் பருத்த உடம்புதான் அழகு" என்று ஆறுதல் சொல்லிவிட்டு மறைந்துவிடுவாள். அவளுக்குப் பெயர் இருக்காது, வீடு இருக்காது, தன் உடம்பைப் பற்றிக் கவலையும் இருக்காது. உண்மை அவ்வளவு எளிதல்ல. நிறைந்த உடம்பை மதிப்பின் அடையாளமாகக் கருதும் வழக்கம் உண்மையிலேயே உண்டு. ஆனால் எயிட்ஸ் பரவிய ஆண்டுகளில் திடீரென மெலிவது நோயின் அறிகுறியாகப் பார்க்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் எச்ஐவி மருந்து வழங்குவது 2004இல்தான் தொடங்கியது. அதுவரை மெலிந்துகொண்டே போனவர்களைப் புதைத்த தெருக்களில் பருமனுக்கு வேறொரு பொருளும் ஏறியிருந்தது. இன்று நகரத்து இளம்பெண்கள் பலர் மெலிவை விரும்புவதும் நடக்கிறது. அந்த அண்டை வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு கதை கொடுங்கள், அல்லது அவளை இந்த வேலைக்கு அழைக்காதீர்கள்.

இந்த மண்ணில் பெண்ணுடம்பை வருணிப்பதற்கு ஒரு கொடிய வரலாறும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பூர்வகுடிகளான கொய்கொய் இனத்தைச் சேர்ந்த சாரா பார்ட்மன் 1810இல் கேப் பகுதியிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு, அவருடைய உடலமைப்புக்காகவே கட்டணம் வாங்கிக் காட்சிக்கு வைக்கப்பட்டார். 1815இல் பாரிஸில் இறந்தார். இறந்த பிறகும் அறிவியல் என்ற பெயரில் அவருடைய உடம்பை அறுத்தார்கள். எலும்புக்கூடு பாரிஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் பார்வைக்கு இருந்தது. 2002 ஆகஸ்ட் 9, தென்னாப்பிரிக்க மகளிர் நாளன்று, கிழக்குக் கேப் மாகாணத்தின் ஹாங்கி ஊரில்தான் அவர் அடக்கம் செய்யப்பட்டார். பருத்த நாயகி அறைக்குள் நுழைந்ததும் அவளுடைய மார்பையும் தொடையையும் அளந்து ஒரு பத்தி எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். யாருடைய கண்ணால் பார்க்கிறோம், டிக்கெட் வாங்கியவரின் கண்ணாலா? அவளுக்கு உள்ளிருந்து எழுதினால் உவமைகளே மாறும். யானையும் பூசணிக்காயும் தாமாக விலகிவிடும். பிப்ரவரியின் புழுக்கத்தில் தொடைகள் உரசி எரிவது, மினிபஸ் டாக்ஸியில் அடுத்தவர் மேல் சாயாமல் உட்காரப் பார்ப்பது, கைப்பிடி உள்ள நாற்காலியைக் கண்டதும் வரும் தயக்கம், ரவிக்கைக்கு அளவெடுக்கும் தையல்காரர் எண்ணை உரக்கச் சொல்லும் நொடி என்று உண்மையான விவரங்கள் வரும்.

நோயைத் தண்டனையாக்குவது

தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே நீரிழிவு மிகுதி. அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் கதையில் பருத்தவளுக்கு மட்டும் சர்க்கரை வருவதும், அது அவள் சமோசா தின்றதற்குக் கிடைத்த தண்டனையாக நிற்பதும் தவறு. ஒல்லியான சித்தப்பாவுக்கும் சர்க்கரை வரும். அளவுகோலே ஒன்றாக இல்லை. 160 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள பெண்ணின் உடல் நிறை குறியீடு, அதாவது உயரத்துக்கேற்ற எடையின் அளவு (BMI), 23.4. பொது வரையறையில் அதிக எடை 25இல் தொடங்குவதால் அவள் இயல்பான எடையில் இருக்கிறாள். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் வெளியான அறிக்கையில் ஆசிய மக்களுக்கு 23இலேயே கவனம் வேண்டும் என்றது. ஒரே உடம்பு, ஒரு மருத்துவரிடம் இயல்பு, இன்னொருவரிடம் எச்சரிக்கை. மருத்துவமனைக் காட்சி எழுதினால் இந்தக் குழப்பத்தை எழுதுங்கள். காது வலி என்று போனவளிடம் எடையைப் பற்றிப் பேசி அனுப்பும் மருத்துவரையும் எழுதுங்கள்.

ஒரே இரவில் வரும் ஏற்பு

தன்னை ஏற்றுக்கொள்வது கதையின் உச்சக்காட்சியாக ஒருமுறை நிகழ்ந்து முடிந்துவிடுவதாக எழுதுகிறோம். அது அப்படி வருவதில்லை. திங்கட்கிழமை வரும், புதன்கிழமை ஒரு புகைப்படத்தைப் பார்த்ததும் போய்விடும். தைப்பூச விரதம் முடிந்து, "நன்றாக இளைத்திருக்கிறாய்" என்று கோயில் வாசலில் யாரோ பாராட்டும்போது, முருகனுக்காக இருந்த விரதம் எதற்காக இருந்தது என்று அவளுக்கே ஐயம் வரும். அந்தக் கசப்பை எழுதியவர்கள் குறைவு. அதே நாளில் டர்பன் வெயிலில், கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் அவள் பால்குடம் சுமந்து நடந்திருப்பாள். சுமந்தது அந்த உடம்புதான். இரண்டும் ஒரே பெண்ணுக்கு ஒரே நாளில் நடக்கட்டும்.

அவளுக்கு உடம்போடு தொடர்பில்லாத ஆசை ஒன்றையும் கொடுங்கள். அப்பா கட்டிய வீட்டில் தன் பங்கை அண்ணனிடம் கேட்கிறாள். கோயில் நிர்வாகக் குழுவில் இடம் கேட்கிறாள். நவராத்திரிக்குத் தேவாரம் பாட ஐம்பது வயதில் தமிழ் எழுத்துப் படிக்கிறாள். பங்கு கேட்கும் காட்சியில் பதில் சொல்ல முடியாத அண்ணன், "முதலில் உன் உடம்பைப் பார்" என்று பேச்சைத் திருப்புவான். அவள் அதற்குப் பதில் சொல்லாமல் பத்திரத்தை மேசைமேல் வைத்து, எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டட்டும்.