கரண்ட் அளக்கும் சர்க்யூட்: எதை ஆர்சி ஃபில்டரிடம் விடுவது, எதை புரோகிராமில் திருத்துவது?

கரண்ட் அளக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் புரோகிராமில் சரிசெய்துவிடலாம் என்கிறார்கள். மற்றவர்கள் விலை கூடிய பாகங்களாகத் தேடி வாங்குகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. ஏடிசிக்குள் (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பாகம்) நுழைந்த பிறகு பிரிக்கவே முடியாத பிழைகளை மட்டும் வெளியே தடுத்தால் போதும். மாறாமல் ஒரே மாதிரி வரும் பிழைகளைக் கணக்கில் கழித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: இதை நேரடி மெயின் லைனில் செய்து பார்க்காதீர்கள். 12 வோல்ட் ஏசி தரும் டிரான்ஸ்ஃபார்மரை வைத்தே முழுப் பயிற்சியையும் செய்யலாம்.

படி 1: ஷண்ட்

ஷண்ட் என்பது கரண்டை அளக்க அதன் பாதையில் வைக்கும் மிகச் சிறிய தடை. 10 மில்லிஓம் ஷண்ட் ரெசிஸ்டரை எடுத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் ஓடினால் அதன் குறுக்கே 50 மில்லிவோல்ட் கிடைக்கும். 20 மடங்கு ஆம்ப்ளிஃபையர் வைத்தால் அது 1 வோல்ட். ஏசி என்பதால் ஆம்ப்ளிஃபையர் வெளியீட்டின் நடுப்புள்ளியை 1.65 வோல்ட்டில் நிறுத்துங்கள். 3.3 வோல்ட், 12 பிட் ஏடிசியில் (0 முதல் 4095 வரை எண் தருவது) அது ஏறக்குறைய 2048.

ஷண்டின் இரு முனைகளிலிருந்தும் அளவீட்டுக்கென்று தனிக் கம்பி இழுக்க வேண்டும். கரண்ட் ஓடும் தடத்தில் வேறெங்காவது தொட்டால், இடையிலுள்ள செம்பும் ஈயப்பற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். அந்தத் தடை 1 மில்லிஓம் இருந்தாலே 10 சதவீதப் பிழை. போதாததற்கு, செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும்.

படி 2: ஆர்சி ஃபில்டர்

சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரியும் அல்லவா? சாம்பிளிங்கிலும், அதாவது அலையை விட்டுவிட்டு அளந்து எண்ணாக்குவதிலும், அதே கதைதான். விநாடிக்கு 10,000 சாம்பிள் எடுக்கும்போது 9,950 ஹெர்ட்ஸில் ஓர் இரைச்சல் வந்தால், ஏடிசியின் எண்களில் அது அச்சு அசலாக மெயின் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அலையாகத் தெரியும். எது நிஜக் கரண்ட், எது போலி என்று எந்தப் புரோகிராமாலும் பிரிக்க முடியாது. இரைச்சலை முன்கூட்டியே தடுத்தாக வேண்டியது இதனால்தான்.

ஆம்ப்ளிஃபையருக்கும் ஏடிசிக்கும் நடுவே 1 கிலோஓம் ரெசிஸ்டர் (ஆர்), 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் (சி) வையுங்கள்; இதுதான் ஆர்சி ஃபில்டர். இதன் வெட்டு அதிர்வெண், அதாவது எதற்கு மேலுள்ள அலைகளை இது நன்றாகக் குறைக்கத் தொடங்குகிறதோ அது, சுமார் 1,590 ஹெர்ட்ஸ். கெப்பாசிட்டர் ஏடிசி பின்னை ஒட்டியே இருக்கட்டும். ஆனால் 9,950 ஹெர்ட்ஸை இது ஆறில் ஒரு பங்காகத்தான் குறைக்கும்; எனக்கு அது போதாது. அதனால் சாம்பிளிங்கை 40,000 ஆக்குங்கள். அப்போது 50 ஹெர்ட்ஸாக வேடம் போடக்கூடிய முதல் இரைச்சல் 39,950 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். அங்கே இதே ஃபில்டர் 25 மடங்கு குறைக்கிறது. ஒரு பாகம்கூடக் கூடவில்லை!

படி 3: ஆஃப்செட், கெயின்

ஆஃப்செட் என்பது கரண்ட் இல்லாதபோதும் வரும் நிலையான விலகல்; கெயின் என்பது ஒரு ஆம்பியருக்கு எத்தனை எண் ஏறுகிறது என்பது. கரண்ட் இல்லாதபோது 8,000 சாம்பிளின் சராசரியை எடுங்கள். அது 50 ஹெர்ட்ஸின் சரியாக 10 சுற்று; கலந்திருக்கும் அலை தானே கழிந்துவிடும். 2048க்குப் பதில் 2061 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் நம்பகமான அம்மீட்டரைத் தொடரில் இணைத்து 5 ஆம்பியர் டிசி செலுத்துங்கள். 3277 வந்தால், வித்தியாசம் 1216. இனி உங்கள் சூத்திரம்:

கரண்ட் = (அளவீடு − 2061) × 5 ÷ 1216

இந்தத் திருத்தம் இல்லாமல், காகிதக் கணக்கின் 2048, 1241 (5 ஆம்பியர் தரும் 1 வோல்ட்டுக்கான எண்) என்ற எண்களையே நம்பினால் 5 ஆம்பியர் 4.95 என்று காட்டும். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அதே சூத்திரம் 0.5 ஆம்பியரை 0.544 என்று காட்டும். கிட்டத்தட்ட 9 சதவீதம்! சிறிய கரண்டில்தான் ஆஃப்செட் தன் முகத்தைக் காட்டும்.

படி 4: ஃபில்டர் தின்ற நேரம்

நாம் வைத்த ஃபில்டர் 50 ஹெர்ட்ஸ் அலையின் உயரத்தை 0.05 சதவீதம்தான் குறைக்கிறது. சரி, அதை விடுங்கள். ஆனால் அலையை 100 மைக்ரோவிநாடி தாமதப்படுத்துகிறது, அதாவது 1.8 டிகிரி. கரண்டை மட்டும் அளந்தால் கவலையில்லை. வோல்ட்டேஜோடு பெருக்கி பவர் கணக்கிடும்போதுதான் சிக்கல்: மோட்டார் போன்ற சுமையில் பவர் ஃபேக்டர் (கரண்ட் அலையும் வோல்ட்டேஜ் அலையும் எவ்வளவு ஒத்து ஓடுகின்றன என்பதன் அளவு) 0.5 என்றால், இந்த 1.8 டிகிரியே 5 சதவீதத்துக்கு மேல் பிழை தரும்.

திருத்துவது எளிது. 40,000 சாம்பிளிங்கில் 100 மைக்ரோவிநாடி என்பது 4 சாம்பிள். வோல்ட்டேஜ் பக்கம் ஃபில்டர் இல்லையென்றால், இப்போதைய கரண்ட் சாம்பிளை 4 சாம்பிளுக்கு முந்தைய வோல்ட்டேஜோடு பெருக்குங்கள். நான் வோல்ட்டேஜ் பக்கமும் அதே ஆர்சியை வைப்பேன். அங்கேயும் போலி அலை நுழையக் கூடாது. அப்போது இரு தாமதமும் சமமாகி, கெப்பாசிட்டர்களின் சிறு வேறுபாடு மட்டுமே மிஞ்சும்.

அதைக் கண்டுபிடிக்க 12 வோல்ட் இழை பல்பைச் சுமையாக இணையுங்கள். அதில் கரண்டும் வோல்ட்டேஜும் ஒன்றாகவே பூஜ்யத்தைக் கடக்க வேண்டும். கடக்கும் நேரங்களின் வித்தியாசத்தைப் பல சுற்றுகளுக்குச் சராசரி எடுத்து, அந்த அளவுக்கு ஒரு பக்கத்தை நகர்த்துங்கள். ஏடிசி இரண்டு பின்னையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதால் வரும் தாமதமும் இதே எண்ணில் அடங்கிவிடும்.