டொமைன் இல்லாத அலுவலகத்தில் பவர்ஷெல் ரிமோட்டிங்

தி.நகரிலும் மயிலாப்பூரிலும் ஐந்தாறு கணினிகளோடு இயங்கும் சிறிய ஆடிட்டர் அலுவலகங்களுக்கு, எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் சர்வர் தேவைப்படுவதில்லை, கணினிகள் தனித்தனியே தங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒர்க்குரூப்பே போதும். ஆனால் மாடியில் பிரிண்டர் மாட்டிய கணினி முரண்டு பிடித்தால் ஒருவர் படியேறியாக வேண்டும். விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில், உட்கார்ந்த இடத்திலிருந்தே இன்னொரு கணினிக்குக் கட்டளை கொடுக்கும் ரிமோட்டிங் வசதியை அமைத்துவிட்டால் அந்த நடை மிச்சம்.

கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன். ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். மாடிக் கணினியின் ஐபி முகவரி 192.168.1.25 என்று கொள்வோம். ரவுட்டரில் அந்த முகவரியை அதற்கே நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் மாடிக் கணினியில் நெட்வொர்க் வகை ‘பிரைவேட்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘பப்ளிக்’ என்றிருந்தால் அடுத்த கட்டளை பிழை காட்டி நின்றுவிடும். பவர்ஷெல்லை அட்மினிஸ்டிரேட்டராகத் திறந்து,

எனேபிள்-பிஎஸ்ரிமோட்டிங்

என்று கொடுங்கள். ரிமோட்டிங்குக்கான சர்வீஸைத் தொடங்குவது, ஃபயர்வாலில் அதற்கான 5985 போர்ட்டைத் திறப்பது எல்லாவற்றையும் அதுவே முடித்துவிடும்.

இனி உங்கள் கணினி. பலர் தடுமாறும் இடம் இதுதான். டொமைனில் எதிர்முனைக் கணினி உண்மையானதுதானா என்று கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை உறுதிசெய்யும். இங்கே அந்தச் சாட்சி கிடையாது. எதை நம்புவது என்று நீங்களே எழுதிவைக்க வேண்டும். அதுவும் இணைக்கப்படும் கணினியில் அல்ல, நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியில், அட்மினிஸ்டிரேட்டராக:

செட்-ஐட்டம் டபிள்யூஎஸ்மேன்:\லோக்கல்ஹோஸ்ட்\கிளையன்ட்\டிரஸ்டட்ஹோஸ்ட்ஸ் -வேல்யூ "192.168.1.25"

சர்வீஸைத் தொடங்கலாமா என்று கேட்டால் சம்மதியுங்கள். முகவரிக்குப் பதில் நட்சத்திரக் குறி போடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள்: எந்தக் கணினியையும் சரிபார்க்காமல் நம்புகிறேன் என்று எழுதிக்கொடுப்பதாகும் அது. இன்னொரு கணினியைச் சேர்க்க, அதன் முகவரியை இட்டு இதே கட்டளையின் இறுதியில் -கன்கேட்டினேட் சேருங்கள். இல்லையென்றால் பழைய முகவரி அழிந்துவிடும்.

இனி உங்கள் கணினியிலிருந்தே மாடிக் கணினிக்குள் நுழைய:

என்டர்-பிஎஸ்செஷன் -கம்ப்யூட்டர்நேம் 192.168.1.25 -கிரெடென்ஷியல் மாடி\அட்மின்

‘மாடி’ அந்தக் கணினியின் பெயர், ‘அட்மின்’ அதிலுள்ள நிர்வாகிக் கணக்கு. கணக்குக்குக் கடவுச்சொல் இருந்தே ஆகவேண்டும். வெற்றுக் கடவுச்சொல்லோடு நெட்வொர்க் வழியே நுழைய விண்டோஸ் இயல்பாக அனுமதிக்காது.

கர்சருக்கு முன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் 192.168.1.25 தெரிந்தால் உள்ளே போய்விட்டீர்கள். ரீஸ்டார்ட்-சர்வீஸ் ஸ்பூலர் என்று கொடுத்தால் பிரிண்ட் சர்வீஸ் மறுபடி தொடங்கும். எக்ஸிட் கொடுத்து வெளியேறுங்கள்.

இணையவில்லையா? டெஸ்ட்-டபிள்யூஎஸ்மேன் 192.168.1.25 கொடுங்கள். பதில் வராவிட்டால் ஃபயர்வாலையோ முகவரியையோ பாருங்கள். பதில் வந்தும் உள்ளே போக முடியவில்லை என்றால், டிரஸ்டட்ஹோஸ்ட்ஸ் நம்பிக்கைப் பட்டியலையும் கடவுச்சொல்லையும் சரிபாருங்கள். 5985 போர்ட்டை மட்டும் ரவுட்டர் வழியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.