ஷூ ஆர்டருக்குத் தோல் வாங்கும் முறை: கணக்கு, வரவு, பில்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்து ஷூ யூனிட்டுகளில் மூலப்பொருள் செலவின் பெரும்பங்கு தோலுக்கே போகிறது. கொள்முதல் மென்பொருளை முதலில் தோலுக்குச் சரியாக அமையுங்கள். நூல், லேஸ், பெட்டியெல்லாம் அதே வழியில் வந்துவிடும்.

தொடக்கம் ஒரு ஜோடிக்கான கணக்கு. பேட்டர்ன்களின் (ஷூவுக்கு வெட்டியெடுக்கும் துண்டுகளின்) நிகர அளவு 1.6 சதுர அடி, கட்டிங் கழிவு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பலர் 1.6-உடன் 20 சதவீதம் கூட்டி 1.92 என்று போட்டுவிடுகிறார்கள். கழிவு கணக்கிடப்படுவது வாங்கும் தோலின் மேல். எனவே 1.6-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும், 2.0 வரும். 2,000 ஜோடிக்கு வேண்டியது 4,000 சதுர அடி. தப்புக் கணக்கில் 3,840தான் வரும். குறையும் 160 சதுர அடியில் 80 ஜோடி நின்றுபோகும். அதற்கென்று பிறகு தனியாக வாங்கினால் லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாறிவிடும், நிறம் ஒத்துப்போகாது. உங்கள் மென்பொருள் கழிவைக் கூட்டுகிறதா, வகுக்கிறதா என்பதை ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கழிவு கிரேடுக்குக் கிரேடு மாறும். உண்ணி கடித்த தழும்பும் கீறலும் நிறைந்த தோலில் கட்டர் சுற்றிச் சுற்றி வெட்ட வேண்டியிருக்கும். ஆகவே கிரேடு ஒவ்வொன்றையும் தனிப் பொருளாகப் பதியுங்கள். விலை குறைந்த கிரேடு உண்மையில் மலிவா என்பது ஜோடிக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

பர்ச்சேஸ் ஆர்டரில் விலையும் தேதியும் மட்டும் இருந்தால் போதாது. தடிமன் (1.2 முதல் 1.4 மி.மீ. என்பதுபோல்), நிற மாதிரியின் எண், கிரேடு விகிதம், யாருடைய மெஷினில் அளந்தது கணக்கு, எத்தனை சதவீத வித்தியாசம் ஏற்கப்படும் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். வெளிநாட்டு ஆர்டரில் சதுர டெசிமீட்டர் வரும். 1 சதுர அடி 9.29 சதுர டெசிமீட்டர். இந்த மாற்றத்தைப் பொருள் பதிவிலேயே போட்டுவிடுங்கள், ஆளுக்கொரு கால்குலேட்டரில் வேண்டாம்.

சரக்கு இறங்கும் இடத்தில்தான் பணம் அதிகம் கசிகிறது. ஒவ்வொரு தோலின் பின்பக்கமும் அளவு முத்திரை இருக்கும். ஒரு கட்டுத் தோலில் உள்ள முத்திரைகளைக் கூட்டி பேக்கிங் லிஸ்ட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு பத்தில் ஒரு பங்கையாவது உங்கள் மெஷினில் அளந்து பாருங்கள். தோல் காய்ந்தால் பரப்பு குறையும். கோடையில் நாலு நாள் குடோனில் போட்டு அளந்துவிட்டு டேனரியோடு (தோல் பதனிட்டு விற்கும் ஆலையோடு) சண்டை போடுவதில் நியாயமில்லை. வந்த அன்றே அளந்துவிடுங்கள்.

பில்லில் 4,000, அளவில் 3,940 என்றால் ஜிஆர்என்னில் (சரக்கு வரவுச் சீட்டில்) 3,940-ஐத்தான் ஏற்ற வேண்டும். பில்லைப் பார்த்து ஜிஆர்என் போடும் ஸ்டோர்ஸில் ஆர்டர், வரவு, பில் மூன்றையும் ஒப்பிட்டு ஒரு பயனும் இல்லை, மூன்றும் எப்போதும் பொருந்தவே செய்யும். மீதி 60-க்கு டேனரியிடம் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) கேளுங்கள். அவர்கள் தந்தால்தான் இருபக்க ஜிஎஸ்டி கணக்கும் நேராகும். அதை மென்பொருளில் பதியும்போது பணத்தை மட்டும் குறையுங்கள். வராத சரக்கை இருப்பிலிருந்தும் கழித்தால் ஸ்டாக் 3,880 என்று காட்டும், ரேக்கில் 3,940 இருக்கும்.

தர சோதனை முடியும்வரை சரக்கு தனிக் கிடங்குக் கணக்கில் நிற்கட்டும், கட்டிங்குக்கு வழங்க முடியாதபடி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் தோலில் குரோமியம்-6 என்ற நச்சு வடிவத்தின் அளவு ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது. லாட் எண்ணோடு ஆய்வறிக்கையை இணைத்த பிறகே விடுவியுங்கள். தோலில் இருக்கும் குரோமியம்-3 சூட்டிலும் வெளிச்சத்திலும் குரோமியம்-6 ஆக மாறக்கூடும் என்பதால், நெடுநாள் கிடந்த லாட்டுக்குப் பழைய அறிக்கை போதாது.

கடைசியாகப் பணம். சப்ளையர் உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர் என்றால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். அதைத் தாண்டி நிலுவை வைத்து ஆண்டு முடிந்தால், வருமான வரியில் அந்தச் செலவு பணம் கொடுத்த ஆண்டில்தான் கழியும். பெரும்பாலான மென்பொருள்கள் பில் தேதியிலிருந்து நாளை எண்ணும். சட்டம் எண்ணுவது நீங்கள் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து; கெடு தேதியை ஜிஆர்என்னோடு இணைத்துவிடுங்கள்.