வாட்டர்கலரில் மோனேயின் துறைமுக விடியல்

நுணுக்கத்தை விட்டுக் கணநேர ஒளியைப் பிடிக்கும் இம்ப்ரஷனிச பாணியில் கடலோரக் காட்சி வரையக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது, பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-ல் பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகத்தைப் பார்த்துத் தீட்டிய 'இம்ப்ரஷன், சன்ரைஸ்' ஓவியத்தைத்தான். பாரிஸில் மர்மோத்தான் மோனே அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலம் எண்ணெய் வண்ணத்தில் ஆனது. ஆனாலும் பனிமூட்டம், தண்ணீர், பாதி கரைந்த கப்பல்கள் என்று அதில் இருப்பதெல்லாம் வாட்டர்கலருக்குக் கைவந்த சங்கதிகள்.

பிரஷை எடுக்கும் முன் அந்த ஓவியத்தின் படத்தை போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும்! ஆரஞ்சு வட்டமும் சுற்றியுள்ள சாம்பல்நீல வானமும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி, நிறம்தான் வேறு. சூரியன் துடிப்பதுபோலத் தெரிவது இதனால்தான். சூரியன் என்றதும் வெளுப்பாக விட்டால் அந்தத் துடிப்பு போய்விடும்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) காட்டன் பேப்பர் வாங்குங்கள்; இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். அல்ட்ராமரைன் (நீலம்), விரிடியன் (பச்சை), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), காட்மியம் ஆரஞ்சு, இந்த நான்கு நிறம் போதும். கறுப்பு தேவையே இல்லை, அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் எந்தக் கறுப்பைவிடவும் உயிருள்ள சாம்பல் கிடைக்கும்.

சூரியனைப் பென்சிலால் லேசாக வட்டமிட்டு, அதை மட்டும் விட்டுவிட்டு பேப்பர் முழுக்க நனையுங்கள். ஏனென்றால், நீலம் காய்ந்தபின் அதன்மேல் ஆரஞ்சை வைத்தால் பழுப்புதான் மிஞ்சும். எண்ணெய் வண்ணம் அடியில் இருப்பதை மூடும், வாட்டர்கலர் மூடாது. இப்போது மேலிருந்து கீழே வாஷ், அதாவது நீர்த்த நிறத்தில் பரந்த பூச்சு: உச்சியில் துளி ஆரஞ்சு கலந்த சாம்பல், கீழே வர வர நீலப்பச்சை. அடிவானத்தில் நிறுத்தாமல் தண்ணீருக்குள் இறக்கிவிடுங்கள். ஃபேன் ஓடினால் நிறுத்திவிடுங்கள், அடுத்த கட்டத்துக்கு ஈரம் வேண்டும்.

அந்தக் கட்டம்தான் உயிர். பேப்பரைச் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு அடங்கியிருக்க வேண்டும், புறங்கையால் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். பாய்மரங்களையும் புகைபோக்கிகளையும் இப்போதுதான் வைக்க வேண்டும். நிறம் கெட்டியாக, தண்ணீர் குறைவாக. பிரஷில் இருக்கும் ஈரம் பேப்பரின் ஈரத்தைவிட அதிகமானால், காலிஃப்ளவர் பூத்த மாதிரி வாஷ் திட்டுத்திட்டாகப் பிரிந்துவிடும். அதே ஈரத்தில், பிழிந்த பிளாட் (தட்டை) பிரஷின் விளிம்பால் சூரியனுக்கு நேர் கீழே தண்ணீரில் சின்னச் சின்னப் படுக்கைக் கோடுகளாக நிறத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். பிரதிபலிப்புக்கு அதுதான் இடம்.

அப்புறம் முழுக்கக் காயவிடுங்கள்.

காய்ந்ததும் படகுகள். முன்னால் இருப்பது அழுத்தமாக, பின்னால் போகப் போக மங்கலாக. படகில் நிற்பவருக்கு இரண்டு தீற்றல், முகமெல்லாம் வேண்டாம். அலைகளுக்கும் குட்டைத் தீற்றல்களே. ஒருமுறை வைத்ததைத் திரும்பத் தொடாதீர்கள்.

கடைசியில்தான் சூரியனும் பிரதிபலிப்பும். ஆரஞ்சு காய்ந்தால் வெளுக்கும், அதனால் துண்டுப் பேப்பரில் தீட்டிக் காயவைத்துப் பார்த்துவிட்டு வட்டத்தையும், தண்ணீரில் ஒற்றி எடுத்த கோடுகளையும் நிரப்புங்கள். அதுவும் காய்ந்தபின் உங்கள் படத்தை போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். சூரியன் வெளுப்பாகத் தெரிந்தால் இன்னொரு மெல்லிய பூச்சு கொடுங்கள், கருத்துத் தெரிந்தால் ஈரப் பிரஷால் தடவி டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.